மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லையா? அரிசி ஊரில் ஒரு கோதுமை நோய்

"ஆறு மாசமா சத்து மாத்திரை போடுறேன். ரத்தம் ஏறவே மாட்டேங்குது."

விழுப்புரமோ திண்டிவனமோ, அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிகள் வரிசையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது. சொல்கிறவர் பெரும்பாலும் பெண்ணாக இருப்பார். சில சமயம், வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த அம்மாவாக இருப்பார்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் சாதாரணமாகவே இருக்கும். வயிற்றைப் புரட்டுது, மலம் கறுப்பாப் போகுது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருப்பார்கள். மாத்திரை போட்ட கையோடு டீ குடிப்பவர்கள் உண்டு. டீயில் உள்ள பொருள் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. குடலில் கொக்கிப்புழு இருக்கலாம். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாக இருக்கலாம். சிலருக்குப் பிறவியிலேயே தலசீமியா கூறு இருக்கும். அவர்களுடைய ரத்தசோகை இரும்பு மாத்திரையால் சரியாகிற வகையே இல்லை. டாக்டர் முதலில் இவற்றைத்தான் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் விடை கிடைக்காதவர்கள் கொஞ்சம் பேர் மிஞ்சுவார்கள். அவர்களில் சிலருக்கு மாத்திரையில் குறை இருக்காது. காலையில் சாப்பிட்ட ரவை உப்புமாவில் இருக்கலாம். அந்த நோயின் பெயர் சீலியாக்.

பரோட்டா மாவும் குடல் சுவரும்

பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது அது கிழியாமல் துணி மாதிரி விரிகிறதே, அந்த இழுவைக்குக் காரணம் குளூட்டன் என்ற புரதம். கோதுமையில் இருக்கிறது, பார்லி, ரை ஆகிய தானியங்களில் அதன் நெருங்கிய உறவுகள் இருக்கின்றன. அரிசி மாவை எவ்வளவு பிசைந்தாலும் அப்படி இழுக்க முடியாது, ஏனென்றால் அதில் இந்தப் புரதம் இல்லை.

நம்மில் பெரும்பாலானோருக்கு குளூட்டன் எந்தக் கெடுதலும் செய்யாது. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு மட்டும் உடலின் எதிர்ப்பு சக்தி அதை எதிரியாக எடுத்துக்கொள்கிறது. குடல் சுவரில் உள்ள ஒரு நொதி குளூட்டனின் துண்டுகளைக் கொஞ்சம் மாற்றிவிடுகிறது. மாறிய துண்டுகளை, குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களின் எதிர்ப்பு அணுக்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சண்டையைத் தொடங்குகின்றன. சண்டை நடக்கிற இடம் சிறுகுடல் என்பதால் அடிபடுவதும் சிறுகுடல்தான்.

பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் குடலுறிஞ்சிகள் என்று படித்திருப்போம். சிறுகுடலின் உட்புறம் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும், சாப்பாட்டின் சத்தை ரத்தத்துக்கு எடுத்துக்கொடுக்கும். சீலியாக் நோயில் இந்த விரல்கள் தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. இரும்புச்சத்து அதிகமாக உறிஞ்சப்படுவது சிறுகுடலின் ஆரம்பப் பகுதியில். நோய் முதலில் தாக்குவதும் அதே பகுதியை. மாத்திரை வயிற்றுக்குள் போயும் ரத்தத்துக்குப் போகாத மர்மம் இதுதான்.

இது ஒவ்வாமை இல்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. சிறு குழந்தைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, எடை ஏறாமை என்று வெளிப்படையாகத் தெரியும். பெரியவர்களுக்கு அப்படி இருக்கணும்னு அவசியமே இல்லை. வெறும் ரத்தசோகை, எலும்பு தேய்மானம், காரணம் தெரியாத சோர்வு, வாயில் திரும்பத் திரும்ப வரும் புண், முழங்கை முழங்காலில் அரிப்போடு கொப்புளம், கருத்தரிப்பதில் சிக்கல் என்று எங்கெங்கோ தலைகாட்டும். மலச்சிக்கலோடு வருபவர்களும் உண்டு, குண்டாக இருப்பவர்களும் உண்டு. அதனால்தான் கண்டுபிடிக்க வருடக்கணக்கில் ஆகிவிடுகிறது.

ரொட்டி கிடைக்காத குளிர்காலம்

நோயின் குற்றவாளி கோதுமை என்று கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. 1888-ல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்த நோயை விவரித்து எழுதினார். குணப்படுத்த வழி இருந்தால் அது உணவில்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். ஆனால் எந்த உணவு என்று அவருக்குத் தெரியவில்லை. 1920-களில் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர் குழந்தைகளுக்கு வாழைப்பழ உணவுமுறையைக் கொடுத்தார், பல குழந்தைகள் தேறின. வாழைப்பழத்தில் ஏதோ மருந்து இருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் தட்டில் ரொட்டி இல்லாததுதான் காரணம்.

நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தைகள் மருத்துவர் வில்லெம் டிக்கே 1930-களிலேயே கோதுமையைச் சந்தேகித்தார். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில் அந்த நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டிக்கு மாவு இல்லை. ஊரே பட்டினியில் வாட, சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பக் கிடைத்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-ல் டிக்கே தன் ஆய்வேட்டில் இதை நிறுவினார். அதற்குப் பிறகு இன்றுவரை சிகிச்சை ஒன்றே ஒன்றுதான்: வாழ்நாள் முழுக்க குளூட்டன் இல்லாத சாப்பாடு.

வடக்கில் 1,000-க்கு எட்டு, நம்ம பக்கம் 10,000-க்கு ஒன்று

இந்தியாவில் இது எவ்வளவு பேருக்கு இருக்கிறது? டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் தலைநகர் வட்டாரத்தில் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு நோய் இருந்தது. நமக்கு இன்னும் முக்கியமானது 2016-ல் வெளிவந்த மூன்று மாநில ஆய்வு. பி.எஸ். ராமகிருஷ்ணா, எய்ம்ஸ் மருத்துவர் கோவிந்த் மக்காரியா உள்ளிட்டோர் சேர்ந்து ஹரியானா, அசாம், தமிழ்நாடு ஆகிய மூன்று இடங்களில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். தமிழ்நாட்டுப் பகுதி வேலூர் வட்டாரத்தில் நடந்தது.

முடிவு: ஹரியானாவில் 1,000 பேருக்கு 8.53 பேர். அசாமில் 4.66. தமிழ்நாட்டில் 0.11.

அப்போ தமிழர் உடம்பே வேறயா? அதையும் பார்த்தார்கள். நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வடக்கில் 38.1 சதவீதம் பேரிடம், தெற்கில் 36.4 சதவீதம் பேரிடம். கிட்டத்தட்ட சமம். வித்தியாசம் தட்டில்தான் இருந்தது. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் ஒரு நாளைக்குச் சாப்பிட்ட கோதுமை வடக்கில் சராசரியாக 455 கிராம். தெற்கில் வெறும் 25 கிராம். மரபணு இருந்தால் மட்டும் நோய் வந்துவிடாது என்பதையும் இந்தக் கணக்கு சொல்கிறது. மூன்றில் ஒருவருக்கு மரபணு இருக்கிறது, நோய் வருவதோ மிகச் சிலருக்கு.

விழுப்புரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 20 லட்சத்துக்கு மேல். 0.11 என்ற விகிதத்தை அப்படியே பொருத்தினால் 200 பேரைச் சுற்றி ஒரு எண்ணிக்கை வரும். இதை ரொம்பப் பிடித்துக்கொள்ள வேண்டாம். தெற்கில் பரிசோதித்தது சுமார் 9,000 பேரை; அதில் ஏறத்தாழ ஒரே ஒருவர் என்ற அளவில் கிடைத்த விகிதம் இது. ஒரு நபர் கூடக் கிடைத்திருந்தால் கணக்கு இரட்டிப்பாகியிருக்கும். ஆனால் ஒன்று நிச்சயம்: எண்ணிக்கை சிறியது, பூஜ்யம் இல்லை.

அந்த 25 கிராம் அப்படியே இருக்கப்போவதும் இல்லை என்பது என் எண்ணம். திண்டிவனம் நான்கு திசைக்கும் சாலை பிரியும் ஊர். இரவில் சாலையோரம் வரிசையாக பரோட்டாக் கல் சூடேறுகிறது. சர்க்கரை நோய்க்காக ராத்திரி சப்பாத்திக்கு மாறிய வீடுகள் எத்தனை! பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் நூடுல்ஸ். ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் கோதுமை வாங்கிக்கொள்ளும் வசதியும் நீண்டநாளாக இருக்கிறது. இதில் எதுவும் தப்பு இல்லை. ஆனால் நோய் வெளியில் வருவதற்குக் கோதுமை வேணும், அது இப்போது நம் வீட்டிலும் இருக்கிறது.

நம் மருத்துவர்களுக்கு சீலியாக் சட்டென்று நினைவுக்கு வராததற்கு இன்னொரு பழைய காரணமும் உண்டு. தென்னிந்தியாவில் ஓயாத வயிற்றுப்போக்கும் சத்து சேராமையும் என்றால் ஒரு காலத்தில் முதலில் சந்தேகிக்கப்பட்டது வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற வேறு நோய். 1960-களில் வேலூர் சி.எம்.சி.யின் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் ஆகியோர் கிராமங்களில் அது கொள்ளைநோய் போலப் பரவியதை ஆராய்ந்து எழுதினார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டிலும் குடலுறிஞ்சிகள் சேதமாகியிருக்கும். சிகிச்சை மட்டும் முற்றிலும் வேறு: ஸ்ப்ரூவுக்கு ஆன்டிபயாடிக்கும் ஃபோலிக் அமிலமும், சீலியாக்குக்கு உணவு மாற்றம். குடல் காசநோயும் இதே மாதிரி வேஷம் போடும். ஆகவே நாமே பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது.

பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். சந்தேகம் வந்தவுடன் இணையத்தில் படித்துவிட்டு "ஒரு மாசம் கோதுமையை நிறுத்திப் பார்ப்போமே" என்று பலர் தொடங்கிவிடுகிறார்கள். நிறுத்தினால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இறங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வரும். நோய் இருக்கா இல்லையா என்று பிறகு உறுதி செய்வது பெரும்பாடு. மறுபடி வாரக்கணக்கில் கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வார்கள்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு முகமும் இருக்கு. வழக்கமாகவே கோதுமை அதிகம் சாப்பிடாதவர் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டைப் படிக்கும்போது அது அவருக்குத் தேவைப்படும்.

முதல் படி ஒரு ரத்தப் பரிசோதனை. டிடிஜி ஐஜிஏ என்று சீட்டில் எழுதுவார்கள். கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்ப்பது நல்லது, ஏனென்றால் சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ குறைவு. அவர்களுக்கு நோய் இருந்தாலும் முதல் பரிசோதனை தப்பாகத் தேறிவிடும். முடிவு சந்தேகத்தைக் காட்டினால் எண்டோஸ்கோபி வழியாக சிறுகுடலின் ஆரம்பப் பகுதியிலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக இது தேவை. குழந்தைகளுக்கு ஐரோப்பியக் குழந்தைகள் குடல்நோய் சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, எதிர்ப்பொருள் இயல்பான மேல் அளவைப் போல் 10 மடங்குக்குக் குறையாமல் இருந்து, இன்னொரு ரத்த மாதிரியில் வேறொரு எதிர்ப்பொருளும் உறுதியானால் எண்டோஸ்கோபி இல்லாமலேயே முடிவு செய்யலாம். பிள்ளைக்குக் குழாய் விடுவாங்களே என்று பயப்படும் பெற்றோருக்கு இது ஆறுதலான செய்தி. ஆனால் அந்த முடிவை எடுப்பது மருத்துவர்.

எங்கே போவது? தொடக்கம் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம்தான். அங்கேயே ஹீமோகுளோபின் பார்ப்பார்கள், பூச்சி மாத்திரை தருவார்கள். பிள்ளை என்றால், அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் வளர்ச்சிக் குறைவைச் சொல்லுங்கள். ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் 18 வயது வரை பார்க்கிறார்கள், மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கிறார்கள். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் நகரவில்லை என்றால் பரிந்துரைச் சீட்டு கேட்டு வாங்கலாம். திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை, முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. குடல் நோய் நிபுணர் வேண்டும் என்றால் புதுச்சேரி ஜிப்மர். இரண்டு ஊரிலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டர்தான். திண்டிவனத்திலிருந்து பாண்டி போகும் சாலையிலேயே இருக்கிறது. எல்லா அரசு ஆய்வகத்திலும் டிடிஜி பரிசோதனை இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வீணாக அலையாமல் இருக்க 104 சுகாதார உதவி எண்ணில் கேட்டுவிட்டுக் கிளம்பலாம்.

பரிசோதனையை முன்கூட்டியே கேட்க வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். சின்ன வயதிலேயே இன்சுலின் போடும் முதல் வகை சர்க்கரை நோய்ப் பிள்ளைகள், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள், எதிர்ப்பு சக்திக் கோளாறால் தைராய்டு பாதிக்கப்பட்டவர்கள். அப்புறம், சீலியாக் உறுதியான ஒருவரின் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள். இத்தாலி 2023-ல் நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு முதல் வகை சர்க்கரை நோயையும் சீலியாக்கையும் பொதுவாகவே பரிசோதிக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. நமக்கு அப்படி எல்லோரையும் சோதிக்கத் தேவையில்லை. கோதுமை நாட்டுக்குப் பொருந்துவது நெல் நாட்டுக்கு அப்படியே பொருந்தாது. சரியான ஆளைச் சரியான நேரத்தில் சந்தேகிப்பதே போதும்.

சாம்பாரில் ஒளிந்திருக்கும் கோதுமை

நோய் உறுதியானவருக்கு வடநாட்டில் வாழ்க்கை கஷ்டம். மூணு வேளையும் ரொட்டி சாப்பிடுகிற வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் செய்ய வேண்டும். நமக்கு அந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, சோறு, வெண்பொங்கல், உளுந்தங்களி எல்லாமே இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை. கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பருப்பு வகை, கிழங்கு, பால், முட்டை, மீன், கறி எதிலும் பயமில்லை. கம்பங்கூழும் கருவாடும் சாப்பிட்ட தாத்தாவின் தட்டு அப்படியே சீலியாக் நோயாளிக்கான தட்டு. பிஸ்கட்டுக்குப் பதில் கடலை உருண்டை. நிலக்கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயரே திண்டிவனத்தை வைத்துத்தான் வந்தது, இங்கே அதற்குப் பஞ்சமா?

வேண்டாதவை: கோதுமை மாவு, மைதா, ரவை, சேமியா, பரோட்டா, பன், பொறை, பிஸ்கட், கேக், நூடுல்ஸ். சம்பா கோதுமையும் கோதுமைதான். "நாட்டு ரகம், ஒண்ணும் செய்யாது" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரவை என்பது தனித் தானியம் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். காய்ச்சல் வந்தவருக்குக் கொடுக்கிற ரவைக் கஞ்சியும் கோதுமைக் கஞ்சிதான். பார்லித் தண்ணீர், மால்ட் கலந்த சத்து பானங்கள் பார்லி வழியாக வரும். ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லை, ஆனால் கோதுமையோடு சேர்ந்தே அரைபடுவதால் சாதாரண பாக்கெட்டை நம்ப முடியாது.

இனி ஒளிந்திருப்பவை. முதல் ஆள் பெருங்காயம்! கடையில் டப்பாவில் வரும் தூள் பெருங்காயத்தில் பிசின் கொஞ்சம், மீதி மாவு. பல நிறுவனங்கள் சேர்ப்பது கோதுமை மாவு அல்லது மைதா. சாம்பார், ரசம், ஊறுகாய், மோர்மிளகாய், சாம்பார்ப் பொடி என்று நம் சமையலில் அது போகாத இடமே இல்லை. நோயாளி ஒழுங்காகப் பத்தியம் இருந்தும் எதிர்ப்பொருள் குறையவில்லை என்றால் முதலில் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் பால் பெருங்காயம் கேட்டு வாங்கலாம், அல்லது தாளிப்பில் பூண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது மாவு மிஷின். நீங்கள் கொண்டுபோவது சுத்தமான பச்சரிசி. உங்களுக்கு முன்னால் அரைத்தவர் கொண்டுவந்தது கோதுமை. கல்லில் ஒட்டியிருக்கும் மாவு உங்கள் தூக்கில் விழும். கடைக்காரரிடம் சொல்லி, காலையில் மிஷினைச் சுத்தம் செய்தவுடன் முதல் ஆளாக அரைத்துக்கொள்வது ஒரு வழி. வேறு யாராவது அரிசி அரைத்து முடித்த பிறகு அரைப்பது இன்னொரு வழி. வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்தால் இந்தத் தொல்லையே இல்லை.

மூன்றாவது ஹோட்டல் தோசைக்கல். பரோட்டாவும் சப்பாத்தியும் போட்ட கல்லில் தோசை ஊற்றுவார்கள். மைதா போண்டா வெந்த எண்ணெயிலேயே வடையும் வேகும். வெளியில் சாப்பிட நேர்ந்தால் இட்லி, இடியாப்பம், சாதம் பக்கம் போவது பாதுகாப்பு. சாம்பாரைப் பற்றி ஏற்கெனவே சொல்லியாயிற்று. தேங்காய்ச் சட்னி கேளுங்கள், அதன் தாளிப்பிலும் பெருங்காயம் போட்டார்களா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். கல்யாண வீட்டில் கேசரி, பூரி, கோதுமை அல்வா, சேமியா பாயசம் நான்கையும் இலையில் வைக்காதபடி பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. "ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது" என்று அன்பாக ஊட்டும் அத்தைகளைச் சமாளிப்பதுதான் மீதிப் பாதி.

பாக்கெட் உணவில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. குளூட்டன் உள்ள தானியம் சேர்த்திருந்தால் அதை லேபிளில் சொல்ல வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. "குளூட்டன் ஃப்ரீ" என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. லேபிளில் ஒன்று, உள்ளே வேறொன்று என்று சந்தேகம் வந்தால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் படத்தோடு புகார் அனுப்பலாம். ஆனால் நம் நோயாளிக்குக் கூடுதல் விலை கொடுத்து "குளூட்டன் ஃப்ரீ" பாக்கெட் வாங்கவேண்டிய தேவை அநேகமாக இல்லை. அரிசியும் கேழ்வரகும் அந்த வேலையைச் செய்யும்.

பள்ளித் தட்டில் என்ன இருக்கிறது

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. இதில் ரவை, சேமியா, கோதுமை ரவை வரும் நாட்கள் உண்டு. பசியோடு வரும் பிள்ளைகளுக்கு அது நல்ல சாப்பாடு. சீலியாக் உறுதியான ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் ஆகாது. அங்கன்வாடியில் தரும் இணை உணவு சத்துமாவிலும் கோதுமை உண்டு.

அதற்காகப் பிள்ளையைத் திட்டத்திலிருந்தே நிறுத்த வேண்டியதில்லை. மருத்துவர் எழுதிய குறிப்பின் நகலைத் தலைமையாசிரியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ கொடுத்து, எந்தெந்த நாள் எது ஆகாது என்று நேரில் பேசுங்கள். பட்டியல் முன்கூட்டியே தெரிவதால் அந்த நாட்களில் வீட்டிலிருந்து இட்லி கட்டிக்கொடுக்கலாம். மதியச் சத்துணவு சாதமும் முட்டையும் என்பதால் அங்கே கவலை குறைவு, தாளிப்பில் போடும் பெருங்காயத்தைத் தவிர. பக்கத்துப் பிள்ளையோடு பிஸ்கட்டைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது என்பதைப் பிள்ளைக்குப் பயமுறுத்தாமல் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை என்று தோன்றுகிறது.

ரேஷனில் அரிசி வாங்குவதைத் தொடருங்கள், கோதுமைக்கு மாற வேண்டாம். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 முதல் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு வாங்கும் வசதி வந்தது. விழுப்புரம் பக்கம் கேழ்வரகுக்குச் சந்தைதான்.

மருந்து வருமா?

வரலாம், ஆனால் இன்னும் வரவில்லை. குடல் சுவரில் ஒரு நொதி குளூட்டனை மாற்றுகிறது என்று மேலே பார்த்தோம். அந்த நொதிதான் எதிர்ப்பொருளின் இலக்கு என்று 1997-ல் அடையாளம் கண்ட குழுவில் ஒருவர் ஜெர்மானிய மருத்துவர் டெட்லெஃப் ஷுப்பான். அதே நொதியை முடக்கும் ஒரு மாத்திரையை அவருடைய குழு சோதித்து 2021-ல் முடிவை வெளியிட்டது. நோயாளிகள் ஆறு வாரம் தினமும் மூன்று கிராம் குளூட்டன் சாப்பிட்டார்கள்; மாத்திரை எடுத்தவர்களின் குடல் சேதம் குறைவாக இருந்தது. நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் மூன்று கிராம் என்பது ஒரு பரோட்டாவுக்குக்கூடப் போதாத அளவு. நிறைய எதிர்பார்க்கப்பட்ட வேறொரு மருந்தான லாராசோடைடின் கடைசிக் கட்டச் சோதனை 2022-ல் பலனில்லை என்று கைவிடப்பட்டது. அதனால் "சீலியாக்குக்கு மருந்து வந்தாச்சு" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொரு வேலை மெல்போர்னில் நடக்கிறது. கோதுமையை ஏற்கெனவே நிறுத்திவிட்டவருக்கும் நோயைக் கண்டறியும் ஒரு ரத்தப் பரிசோதனை. ரத்த மாதிரியை எடுத்து, உடம்புக்கு வெளியே குழாயில் குளூட்டனைச் சேர்த்து, எதிர்ப்பு அணுக்கள் கோபப்படுகின்றனவா என்று பார்க்கிறார்கள். 2025-ல் வெளியான முடிவு நன்றாகவே இருக்கிறது. அது வழக்கத்துக்கு வந்துவிட்டால், நிறுத்தியவரை மறுபடி வாரக்கணக்கில் கோதுமை சாப்பிட வைக்கும் தண்டனை போகும். இப்போதைக்கு இங்கே பழைய முறைதான்.

தாய்மார்கள் கேட்கும் கேள்வி ஒன்று: குழந்தைக்குக் கோதுமையைச் சீக்கிரம் கொடுத்தால் நோய் வருமா, தள்ளிப்போட்டால் தப்பிக்கலாமா? 2014-ல் வெளியான இரண்டு ஐரோப்பிய ஆய்வுகளில், கொடுக்கும் மாதத்தை மாற்றியதால் நோய் தடுக்கப்படவில்லை. ஆறு மாதம் தாய்ப்பால், பிறகு வழக்கமான இணை உணவு. அதில் மாற்றம் தேவையில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு உப்புது, அதனால் எனக்கும் குளூட்டன் ஆகாது என்பவர்கள். 2018-ல் நார்வேயில் 59 பேரை வைத்து நடந்த ஒரு சோதனையில், இப்படிச் சொன்னவர்களுக்கு அதிகத் தொல்லை கொடுத்தது குளூட்டன் இல்லை, கோதுமையிலும் வெங்காயம் பூண்டிலும் உள்ள ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து வகை. உடல் இளைக்க, முகம் பளபளக்க என்று கோதுமையை விடுபவர்களுக்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தமில்லை.

உணவை மாற்றிய பிறகு சோர்வும் வயிற்றுப்போக்கும் சில வாரங்களில் குறையத் தொடங்கும். குழந்தை எடை போடும். குடல் முழுதாக ஆறுவதற்குப் பெரியவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். முன்பு பலிக்காத அதே இரும்பு மாத்திரை அப்போது வேலை செய்யும், எனவே டாக்டர் சொல்லும் வரை நிறுத்த வேண்டாம். ஆறு மாதத்தில் ஒருமுறையும் பிறகு வருடத்துக்கு ஒருமுறையும் எதிர்ப்பொருள் அளவு, ஹீமோகுளோபின், வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். போகும்போது பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டை, பிள்ளை என்றால் அங்கன்வாடியில் எடை குறித்த அட்டை, இவற்றோடு ஒரு வாரம் மூன்று வேளையும் என்ன சாப்பிட்டார் என்று எழுதிய ஒரு தாளையும் கொண்டுபோங்கள். பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.